அப்புத்தளை மலைகளில் எழும் புதிய வீடுகள்: மருந்தகமும் மயானமும் யார் பொறுப்பு?

2025 ஒக்டோபர் 12 ஆம் திகதி பண்டாரவளையில் நடைபெற்ற வைபவத்தில், இந்திய அரசின் நிதியுதவியுடனான பத்தாயிரம் வீட்டுத் திட்டத்தின் கீழ் 2,000 பெருந்தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டு உரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. அதன் பின்னர் ஏழு வாரங்கள் கடப்பதற்குள் டித்வா புயல் நாட்டைத் தாக்கியது. நாடளாவிய ரீதியில் 600 இற்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த அந்த அனர்த்தத்தில், மண்சரிவுகளினால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாகும். வீடற்றோரின் பட்டியல் இதனால் மேலும் நீண்டது. எனவே எதிர்வரும் ஆண்டுகளில் அப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளை, வெலிமடை, பசறைப் பகுதிகளின் மலைச்சரிவுகளில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் புதிய குடியிருப்புகள் தோன்றவுள்ளன என்பதில் ஐயமில்லை.

எத்தனை வீடுகள், யாருக்கு, எப்போது என்ற கேள்விகள் பாராளுமன்றத்திலும் தொழிற்சங்க மேடைகளிலும் நாள்தோறும் எழுப்பப்படுகின்றன. நாம் இங்கு எழுப்ப விரும்புவது வேறொரு கேள்வி. அந்த வீடுகளில் குடியேறும் கர்ப்பிணித் தாய் எந்தச் சிகிச்சை நிலையத்திற்குச் செல்வார்? கொழுந்து பறிக்கச் செல்லும் தாயின் கைக்குழந்தையை யார் பார்த்துக் கொள்வார்? நள்ளிரவில் நெஞ்சுவலி ஏற்பட்டவரை ஏற்றிச் செல்ல அம்பியூலன்ஸ் வண்டி எதுவரை வந்து சேரும்? இறந்தவரை எங்கே அடக்கம் செய்வது? வீட்டிற்கு ஓர் அமைச்சும், ஒரு வரவு செலவுத் தொகையும், ஒரு திறப்பு விழாத் திகதியும் இருக்கின்றன. மேற்கூறியவற்றிற்கு அவற்றுள் எதுவுமே இல்லை என்பதே இன்றைய நிலைமை.

இந்த இடைவெளி எவ்வாறு உருவானது என்பதை அறிய, தோட்டச் சுகாதாரத்தின் பழைய வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது. கோப்பிக் காலத்தில், 1872 ஆம் ஆண்டிலேயே, தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் குறித்து ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1912 இல் அது புதிய கட்டளைச் சட்டங்களினால் விரிவுபடுத்தப்பட்டது. நோயுற்ற தொழிலாளியைக் கவனிப்பது தோட்ட முகாமையின் கடமை என்பதே இச்சட்டங்களின் உட்கருத்து. அதன்படி தோட்டத்திற்கு ஒரு டிஸ்பென்சரி, சில பெரிய தோட்டங்களுக்குச் சிறு வைத்தியசாலை, தோட்ட வைத்திய உதவியாளர், மருத்துவிச்சி, பிள்ளைமடுவம் என ஓர் அமைப்பு உருவாயிற்று. தொழிலாளியின் உடல்நலத்தைத் துரைமார் கருணையினால் கவனித்தார்கள் என்று கொள்வதற்கில்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே கவனித்தார்கள். ஆயினும் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விக்கு அன்று ஒரே விடை இருந்தது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. வீடமைப்பையும் நலன்புரி விடயங்களையும் கவனிக்க அமைக்கப்பட்ட நிதியமே இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என அறியப்படுகின்றது. 1990களின் நடுப்பகுதியில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி ஆரம்பிக்கப்பட்டது. சில பொறுப்பேற்கப்பட்டன, பல பழைய நிலையிலேயே விடப்பட்டன. இவ்வாறு ஒரே மலையில் ஒரு தோட்டத்தவர் அரச வைத்தியரிடமும், அடுத்த தோட்டத்தவர் கம்பனியின் மருந்தகத்திலும் தங்கியிருக்கும் நிலை உருவாயிற்று.

உள்ளூராட்சியின் கதை இதனினும் கசப்பானது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியிலிருந்து சேவை வழங்குவதற்குத் தடையாக இருந்து வந்தது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். ஆனால் அந்த உறுப்பினர் தமக்கு வாக்களித்தோரின் லயத்திற்கு முன்னால் ஒரு வடிகானை அமைத்துக் கொடுப்பதற்கும் சட்டம் குறுக்கே நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த இந்த விநோதம் 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினாலேயே நீக்கப்பட்டது. அதே ஆண்டில் மலையகத்திற்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கான சட்டமும் நிறைவேறியது. எனவே பிரதேச சபையினால் முடியாது என்று இனிமேல் கூறுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. நிதியில்லை என்று கூறலாம். அது வேறு விவாதம்.

புதிய வீடுகள் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக மேலும் சிக்கலாக்குகின்றன. லயத்தில் வாழ்பவர் தோட்டத்தின் பொறுப்பில் இருப்பவராகக் கருதப்பட்டார். காணி உறுதி பெற்றுத் தனிவீட்டிற்குச் செல்பவர் கிராமவாசியாகின்றார். இது பெரும் முன்னேற்றம். இரு நூற்றாண்டு காலக் கோரிக்கையின் வெற்றி என்றே கூறலாம். ஆனால் அவர் கிராமவாசியானதும் தோட்டம் தன் பொறுப்பிலிருந்து மெல்ல விலகிக் கொள்கின்றது. அரச சுகாதார சேவை அவரைத் தேடி வருவதற்கோ காலம் எடுக்கின்றது. ஓய்வுபெற்ற தொழிலாளர்களும், தோட்டத்தில் வாழ்ந்தாலும் கொழும்பிலோ அயல் நகரத்திலோ வேலை செய்யும் இளைஞர்களும் ஏற்கனவே இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இருக்கின்றனர்.

மற்றொரு விடயமும் உண்டு. புதிய வீடு கட்டப்பட்டால் பழைய லயம் காலியாகிவிடும் என்று திட்டமிடுவோர் எண்ணுகின்றனர். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வது அரிது. ஒரே காம்பராவில் பெற்றோர், மணமான மகன், அவரது பிள்ளைகள் என நெருக்குண்டு வாழ்ந்த குடும்பத்தில் ஒரு பகுதியினர் புதிய வீட்டிற்குச் செல்வர். மற்றையோர் லயத்திலேயே இருப்பர். ஆகவே சுகாதார ஊழியர் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இரண்டாகின்றது. மக்கள்தொகைக் கணக்கில் இந்த வளர்ச்சி தென்படாது. நடக்க வேண்டிய தூரத்தில்தான் தென்படும்.

தேசிய ரீதியில் ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது சுகாதார அமைச்சின் பொதுவான அளவுகோல். மருதானையிலோ மட்டக்களப்பிலோ 3,000 பேர் சில வீதிகளுக்குள் வாழ்வர். அப்புத்தளை மலைகளில் அதே எண்ணிக்கையினர் பல டிவிஷன்களில், பள்ளத்தாக்குகளுக்கு இருபுறமும் சிதறி வாழ்கின்றனர். லிப்டன் 1890 இல் தேயிலைத் தொழிற்சாலை அமைத்த தம்பத்தென்னையிலிருந்து அப்புத்தளை நகருக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வளைந்து நெளிந்த பாதை. அங்கிருந்து தியத்தலாவை ஆதார வைத்தியசாலைக்கு இன்னும் சில கிலோமீற்றர்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்வதாயின் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். கொஸ்லாந்தைப் பக்கத்து மக்கள் பெரகலைச் சந்திவரை ஏறி வந்த பின்னரே அப்புத்தளை நோக்கித் திரும்ப வேண்டும். மலைநாட்டில் தூரத்தை நிமிடத்தால் அளக்க வேண்டுமேயன்றிக் கிலோமீற்றரால் அளப்பதில் பயனில்லை. மழைக்காலத்தில் நிமிடமும் போதாது.

இதன் விளைவை அரசின் சொந்தப் புள்ளிவிபரமே காட்டுகின்றது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் தேசிய மட்டத்தில் 17.3 வீதம்; பெருந்தோட்டத் துறையில் 31.7 வீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. இந்தக் குறைபாட்டிற்கு வறுமை முதற் காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் எடையை மாதந்தோறும் நிறுத்துப் பார்க்கும் இடம் எங்கே இருக்கின்றது, தாய் வேலைக்குச் சென்ற பின் பிள்ளைக்கு யார் உணவூட்டுகின்றார், குடிக்கும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பவையும் காரணங்களே. இவை மூன்றும் வீடமைப்பு வரைபடத்தில் தீர்மானிக்கப்பட வேண்டியவை.

மீரியபெத்தையின் அனுபவம் இங்கு நினைவுகூரத்தக்கது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் அபாயகரமானது என 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. உயிர் தப்பியோர் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மாகல்தெனியவில் கைவிடப்பட்டிருந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். 75 புதிய வீடுகள் 2016 இல் மாகல்தெனியவில் கையளிக்கப்பட்டன. குடும்பம் ஒன்றிற்கு 7 பேர்ச்சஸ் காணி. இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலைத் தளத்தில் துணித் திரைகளுக்குப் பின்னால் குடும்பம் நடத்திய மக்களுக்கு அவ்வீடுகள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண்சரிவு ஏற்பட்டது. மறுபடியும் தற்காலிகத் தங்குமிடம், மறுபடியும் காணி தேடும் படலம்.

மாகல்தெனியவை ஒரு கணக்கிற்காக எடுத்துக்கொள்வோம். 75 வீடுகள், வீட்டிற்கு 7 பேர்ச்சஸ் எனில் மொத்தம் 525 பேர்ச்சஸ். அதாவது மூன்றேகால் ஏக்கருக்குச் சற்று அதிகம், ஏறத்தாழ 1.3 ஹெக்டேயர். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதிகள் நடைமுறையிலுள்ள பகுதிகளில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டுகளாகப் பிரிக்கும் தனியார் ஒருவர், வீதிகளுக்குரிய நிலம் நீங்கலாக 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்கிற்கும் ஒதுக்கியாக வேண்டும். அதே அளவுகோலைப் பிரயோகித்தால் இத்தகைய ஒரு குடியிருப்பிற்கு 50 பேர்ச்சஸுக்குச் சற்று அதிகமான பொதுநிலம் கிடைத்திருக்க வேண்டும். ஒரு சிகிச்சை அறை, பிள்ளைமடுவம், சிறு விளையாட்டிடம் ஆகியவற்றிற்கு அது போதுமானது. கொழும்புப் புறநகரில் காணி விற்கும் வியாபாரிக்கு விதிக்கப்படும் கட்டுப்பாட்டை, மலையகத்தில் அரசு தானே வீடு கட்டும்போது தனக்கும் விதித்துக் கொள்ளக் கூடாதா? புதிய திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு 10 பேர்ச்சஸ் என்று பேசப்படுகின்றது. நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் பொதுநிலமாக 100 பேர்ச்சஸ் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

கேரளத்திலிருந்து ஓர் உதாரணம் தருவது பொருத்தமாகும். வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் 2024 ஜூலை 30 ஆம் திகதி மண்சரிவினால் அழிந்தன. மரணித்தோருள் தோட்டத் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் இருந்தனர். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் அருகருகே புதையுண்டனர். உயிர் பிழைத்தோருக்காகக் கல்பற்றாவிலுள்ள எல்ஸ்டன் தேயிலைத் தோட்டத்தில் 410 வீடுகள் கொண்ட நகரியம் ஒன்றிற்கு 2025 மார்ச்சில் அடிக்கல் நடப்பட்டது. அந்தத் திட்டத்தில் வீடு ஒன்றிற்கு 7 சென்ட் நிலம். நமது 7 பேர்ச்சஸ் 1,906 சதுர அடி. அவர்களது 7 சென்ட் ஏறத்தாழ 3,050 சதுர அடி. அதைவிட முக்கியமானது, சுகாதார நிலையமும் அங்கன்வாடியும் சந்தையும் சமூக மண்டபமும் வீடுகளுடன் சேர்த்து அதே வரைபடத்தில் இடம்பெற்றமையாகும். அத்திட்டமும் நீதிமன்ற வழக்குகளுக்கும் தாமதத்திற்கும் தப்பவில்லை. எனினும் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘சுகாதார நிலையம் எங்கே?’ என்று அம்மக்கள் கேட்கலாம். நமது மக்களின் கையில் தம் வீட்டுத் துண்டின் எல்லை மட்டுமே இருக்கின்றது. இங்கிலாந்திலும் பெரிய வீடமைப்புக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றம், பாடசாலைக்கும் வைத்திய நிலையத்திற்கும் உரிய பங்களிப்பை வீடு கட்டுபவரிடமிருந்து ஒப்பந்த மூலம் பெற்றுக்கொள்ளும் சட்ட ஏற்பாடு 1990 இலிருந்து நடைமுறையில் உள்ளது.

ஒவ்வொரு புதிய குடியிருப்பிலும் ஒரு வைத்தியசாலை வேண்டும் என நாம் கோரவில்லை. அவ்வாறு கோருவது எதையும் பெறாதிருப்பதற்கான சுலபமான வழி. நூறு வீடுகளில் நானூறு, ஐந்நூறு பேர் வாழ்வர். அதற்கு ஒரு வைத்தியரை நியமிக்க எந்த அரசாலும் முடியாது. தேவைப்படுவது தண்ணீரும் மின்சாரமும் மலசலகூடமும் உள்ள இரண்டு அறைகள் கொண்ட ஒரு கட்டடம். மாதத்தில் சில நாட்கள் அங்கு தாய் சேய் கிளினிக் நடைபெறலாம். நீரிழிவு, இரத்த அழுத்தப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் வந்து செல்லலாம். மற்றைய நாட்களில் அது முன்பள்ளியாகவோ சனசமூக நிலையமாகவோ இயங்கலாம். முதியோருக்கு மாதாந்த மருந்து வீட்டருகே கிடைக்குமாயின், அதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து உடன் செல்லும் மகளுக்கும் அது நன்மையே.

வீதியைப் பற்றியும் கூற வேண்டும். 2016 இல் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்ட 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை மலையக மக்களுக்குக் கிடைத்த ஒரு வரப்பிரசாதம். ஆயினும் வண்டி திரும்புவதற்கு இடமில்லாத கொங்கிரீட் பாதையின் அடியில் அது நின்றுவிடும். நோயாளியை நாற்காலியில் அமர்த்தியோ கம்பளியில் கிடத்தியோ மேலிருந்து தூக்கி வரும் காட்சி மலையகத்தில் புதிதல்ல. குடியிருப்பின் மேற்கோடி வரை ஓர் அம்பியூலன்ஸ் ஏறித் திரும்பக்கூடிய அகலமும் சாய்வும் பாதைக்கு இருக்க வேண்டும் என்பது வரைபடத்தில் ஒரு கோட்டின் விடயம். வீடுகள் எழுந்த பின் அந்தக் கோட்டை அகலப்படுத்த எவராலும் முடியாது.

நீரும் கழிவும் மலைச்சரிவில் பிரிக்க முடியாதவை. 7 பேர்ச்சஸ் துண்டுகள் படிப்படியாக அமையும்போது, மேல் வீட்டின் மலக்குழி கீழ் வீட்டின் சுவருக்கு மேலே அமைகின்றது. அதிலிருந்து கசியும் நீர் கீழேயுள்ள ஊற்றைக் கெடுப்பதுடன் சரிவின் மண்ணையும் நனைத்து இளக்குகின்றது. சுகாதாரப் பிரச்சினையும் மண்சரிவுப் பிரச்சினையும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன. உமா ஓயாச் சுரங்கப் பணிகளின்போது 2014 இன் இறுதியிலிருந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றிய அனுபவம் இருக்கையில், ‘மேலே ஓர் ஊற்று இருக்கின்றது, குழாய் போட்டால் வரும்’ என்ற உத்தேசத்தில் நூறு குடும்பங்களைக் குடியேற்றுவது முறையாகாது.

மயானம் பற்றிப் பேசுவதற்குத் திட்டமிடுவோர் கூச்சப்படுகின்றனர் போலும். தோட்டத்து மக்களின் அடக்க நிலங்கள் பெரும்பாலும் கம்பனியின் குத்தகைக் காணிக்குள்ளேயே தேயிலைக்கு ஒதுக்குப்புறமாக உள்ளன. அவற்றுக்கு எல்லைக் கல்லுமில்லை, பதிவுமில்லை. புதிய குடியிருப்பு சில கிலோமீற்றர் தள்ளி அமையும்போது, பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு பழைய தோட்டத்திற்கே திரும்ப வேண்டியுள்ளது. கோயில் விடயமும் அவ்வாறே. முஸ்லிம் மக்களுக்கு இது இன்னும் கூர்மையான தேவை. அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை நகரங்களிலும் குருத்தலாவை, சில்மியாபுர போன்ற ஊர்களிலும் முஸ்லிம் குடும்பங்கள் பெருகுகின்றன. ஜனாஸா நல்லடக்கம் தாமதமின்றி நிறைவேற வேண்டியது. தகனம் என்ற மாற்றுவழி அவர்களுக்கு இல்லை. தேயிலைக்கும் பாறைக்கும் இடையே விரிய வழியற்ற நகரங்களில் மையவாடிக்குரிய நிலத்தை இருபது, முப்பது ஆண்டுகளை நோக்கி இப்போதே ஒதுக்க வேண்டும்.

நகரத்து முஸ்லிம் குடும்பமும், அயற்கிராமத்துச் சிங்களக் குடும்பமும் தோட்ட வீடமைப்பின் பயனாளிகள் அல்லர். ஆனால் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் அனைவரும் நிற்பது ஒரே வரிசையிலேயாகும். தோட்டத்திற்கென ஒரு திட்டம், நகரத்திற்கென வேறொரு திட்டம், கிராமத்திற்கென மற்றொன்று என மூன்று அமைச்சுகள் தனித்தனியே கணக்கிடும்போது அந்த வரிசையின் நீளத்தை எவரும் கணக்கிடுவதில்லை. எனவே திட்டமிடலின் அலகு சமூகமாகவோ தோட்டமாகவோ இருக்கலாகாது. பிரதேச செயலகப் பிரிவாகவே இருக்க வேண்டும். அப்புத்தளை உட்படப் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. சுகாதார ஊழியர் நியமனத்திலும் அந்தப் பிரகடனம் பிரதிபலிக்க வேண்டும். தன் நோயைத் தன் மொழியில் சொல்ல முடியாத தாய்க்குப் பக்கத்திலேயே கட்டிய சிகிச்சை நிலையமும் தூரத்திலேயே இருக்கும்.

செய்யப்பட வேண்டியது என்ன? மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையின்றிக் கட்டுமானத்திற்கு அனுமதியில்லை என்ற ஒழுங்கு ஏற்கனவே உள்ளது. அதேபோன்று, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட எந்தவொரு புதிய குடியிருப்பிற்கும் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரியினதும் பிரதேச சபையினதும் எழுத்து மூலமான அறிக்கை அடிக்கல்லுக்கு முன்னரே பெறப்பட வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். எத்தனை பேர் குடியேறுவர், எந்தக் குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவிற்குள் அவர்கள் அடங்குவர், கிளினிக் எங்கு நடைபெறும், குடிநீர் எந்த ஊற்றிலிருந்து எவ்வளவு கிடைக்கும், அடக்க நிலம் எது என்பவை அதில் இருந்தாக வேண்டும். இதற்குப் புதிய அதிகாரசபை எதுவும் தேவையில்லை; இருக்கும் அதிகாரிகள் நால்வர் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும்.

2025 மே 6 ஆம் திகதி தெரிவு செய்யப்பட்ட பிரதேச சபைகளுக்கு இதில் முக்கிய பங்கு உண்டு. 33 ஆம் பிரிவு திருத்தப்பட்டு விட்டதை உறுப்பினர்கள் பலர் இன்னும் தம் வரவு செலவுத் திட்டத்தில் உணர்த்தவில்லை. பயனாளிகளும் ஒன்றைச் செய்யலாம்: உறுதிப் பத்திரத்தைப் பெறும்போது தம் துண்டின் இலக்கத்தை மட்டும் பார்க்காமல், முழு நில அளவைப் படத்தையும் காட்டுமாறு கேட்கலாம். பொதுநிலம் எனக் குறிக்கப்பட்ட துண்டு அதில் உண்டா என்பதைப் பார்த்துக்கொள்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஏற்கனவே கட்டி முடிக்கப்பட்ட குடியிருப்புகளிலும் வழி அடைபட்டுப் போகவில்லை. கம்பனிகள் பயிரிடும் நிலத்தின் உரிமையாளர் அரசே. கம்பனிகள் குத்தகைக்காரர்கள் மட்டுமே. வீடுகளுக்கென ஏக்கர் கணக்கில் நிலத்தை விடுவிக்க முடிந்த அரசுக்கு, அந்த வீடுகளை அடுத்துள்ள தேயிலையில் கால் ஏக்கரைக் கிளினிக்கிற்கும் பிள்ளைமடுவத்திற்கும் விடுவிக்க முடியாது என்பதற்கில்லை. அக்கோரிக்கையைப் பிரதேச செயலாளர் ஊடாக முதலில் எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டியவர்கள் மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களும் ஊவா மாகாண சுகாதார நிர்வாகத்தினருமாவர்.